சாம்பல் குட்டையிலிருந்து கட்டண விசாரணைவரை

தமிழ்நாட்டில் நிலக்கரி மின்சாரத்துக்கு எதிரான மக்கள் பிரசாரம் என்பது ஒரே பெயரில் நடக்கும் இரண்டு வேலைகள். புதிய அனல்மின் நிலையம் வராமல் தடுப்பது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தை நிறுத்தவைப்பது மற்றொன்று. முதல் வேலைக்கு வழி சுற்றுச்சூழல் சட்டம். அங்கே ஆறும் வலையும் உப்பளமும் கிணற்று நீரும் சாட்சி சொல்லும். இரண்டாவது வேலைக்கு வழி மின்சாரச் சட்டம். அங்கே கணக்கு மட்டுமே எடுபடும். இங்குள்ள இயக்கங்கள் முதல் வேலையில் நன்றாகத் தேறியவை. இரண்டாவதைப் பிந்தித்தான் கற்றன. இன்னும் முழுதாகக் கற்றுவிட்டதாகச் சொல்ல முடியாது.

மாநில மின்வாரியம் 1957இல் அமைந்தது. 2010இல் அது உற்பத்தி–பகிர்மானக் கழகம், தொடரமைப்புக் கழகம் என்று பிரிந்தது. 2024இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று மறுபடியும் பிரிந்தது. எத்தனை முறை பெயர் மாறினாலும் ஊரில் அது ஈபிதான். துண்டறிக்கையில் கழகங்களின் முழுப்பெயரை அச்சிட்டால், படிப்பவர் அது வேறு யாரையோ பற்றிய செய்தி என்று மடித்து வைத்துவிடுவார். ஈபியின் சொந்த அனல் நிலையங்கள் வெகுகாலமாக வடசென்னை, மேட்டூர், தூத்துக்குடி ஆகிய இடங்களில் ஓடுகின்றன. அவற்றோடு நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மின்சாரம், வல்லூர் கூட்டு நிறுவனத்தின் 1,500 மெகாவாட், மற்ற மத்திய நிலையங்களில் மாநிலத்தின் பங்கு, தனியாருடன் போட்ட நீண்டகால ஒப்பந்தங்கள் எல்லாம் சேர்ந்ததே மாநிலத்தின் நிலக்கரிச் சுமை.

இந்தக் கட்டமைப்பு மாநில எல்லையோடு முடிவதில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் உயிர்பெற்றபோது தென்மண்டலம் நாட்டின் மற்றக் கட்டமைப்போடு ஒன்றானது. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் தடம் வந்தது. 6,000 மெகாவாட் தாங்கக்கூடியது. அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்ட செய்யூரில் புகைபோக்கி எழாமல் தடுத்துவிட்டு, சத்தீஸ்கரில் நிலக்கரி எரித்த மின்சாரத்தில் செய்யூர் வீடுகளில் விளக்கெரிந்தால், கட்டமைப்பு மாறியதாகாது. சாம்பல் விழும் ஊர்தான் மாறியிருக்கும். உள்ளூர்ப் போராட்டத்தை மட்டும் நம்பும் பிரசாரத்தின் அடிப்படைக் குறை இதுவே. ஆனாலும் பிரசாரம் தொடங்குவது எப்போதும் உள்ளூரில்தான், ஏனென்றால் இருமல் உள்ளூரில்தான் இருக்கிறது.

500 மெகாவாட்டும் அதற்கு மேலுமான நிலக்கரி நிலையத்துக்கு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் முன்அனுமதி வேண்டும் என்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின் விதி. அனுமதிக்கு முன்னால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம், கலெக்டர் அல்லது அவர் அனுப்பும் உயர் அதிகாரி தலைமை, முழுக்க வீடியோ பதிவு என்று விதிகள் விரிவாக இருக்கின்றன. குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதி மட்டும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் அது நடந்த கூட்டம்தான். ஆகவே புறக்கணிப்பும் வெளிநடப்பும் பெரும்பாலும் தவறான உத்திகள். வெளிநடப்பு மறுநாள் நாளிதழில் படமாக வரும். நடவடிக்கைக் குறிப்பில் ஆட்சேபணை ஆகாது.

கூட்டம் நடக்கும் விதம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றே. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மேடையில் தண்ணீர் பாட்டில்கள், சுற்றிலும் போலீஸ். முன்வரிசைகள் விடியற்காலையிலேயே நிரம்பியிருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் வேனில் வந்து இறங்கியவர்கள். அவர்களில் சிலர் மைக்கைப் பிடித்து, திட்டம் வந்தால் ஊருக்கு வேலை வரும், ரோடு வரும் என்று பேசி இறங்குவார்கள். திட்டப் பொறியாளர் திரையில் படங்களைக் காட்டி விளக்குவார். அதற்குள் பதினொரு மணி வெயில் ஏறிவிடும். மீனவப் பஞ்சாயத்தார் பேச வாய்ப்புக் கிடைக்கும்போது பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். இதைத் தெரிந்த களப்பணியாளர்கள் முந்தைய வாரமே ஊரில் உட்கார்ந்து யார் எதைப் பேசுவது என்று பிரித்துவிடுவார்கள். வலைத்தொழில் செய்பவர் நீர்ப்போக்கு பற்றி மட்டும். உப்பள வேலை செய்யும் பெண் கரித்தூள் பற்றி மட்டும். ஆசிரியர் அறிக்கையின் பக்க எண்ணைச் சொல்லிப் பிழையைக் காட்டுவது மட்டும். எல்லாரும் எல்லாவற்றையும் பேசினால் குறிப்பில் 'பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்' என்ற ஒற்றை வரிதான் மிஞ்சும்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் தரப்படும். முழு அறிக்கை ஆங்கிலத்தில், பல நூறு பக்கங்களில் இருக்கும். அதில் முதலில் படிக்க வேண்டியது நில விவரப் பட்டியல். உள்ளூரார் பேர்சொல்லி அழைக்கும் ஓடை அங்கே தரிசு என்றும், நண்டு பிடிக்கும் சதுப்பு பயனற்ற நிலம் என்றும் எழுதப்பட்டிருப்பது அபூர்வமல்ல. அடுத்து, நிலக்கரி எங்கிருந்து வருகிறது, அதன் சாம்பல் அளவு எவ்வளவு, அந்தச் சாம்பல் எங்கே போகும் என்ற மூன்று கேள்விகள். முதல் கேள்விக்கான விடையை மாற்றினால் மற்ற இரண்டும் தானாக மாறும் என்பதால், விடை தெளிவில்லாத இடத்தில் ஆட்சேபணை வலுவாக நிற்கும்.

கூட்டத்தின் மிக முக்கியமான நேரம் கடைசி அரைமணி. மக்கள் சொன்ன கருத்துகளின் தொகுப்பை அங்கேயே, உள்ளூர் மொழியில், வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும் என்று அறிவிக்கை சொல்கிறது. மேடையில் இருப்பவர்கள் நன்றி சொல்லி எழும்போது, வாசித்துவிட்டுப் போங்கள் என்று நிற்கும் இருபது பேர் இருந்தால் அந்தக் கூட்டம் வீண்போகவில்லை. கருத்துக் கேட்பு திட்டத்தை நிராகரிக்கும் அதிகாரம் படைத்ததல்ல; அது பதிவுதான். ஆனால் அனுமதி வெளியான 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யும்போது கையில் இருக்கும் ஆதாரம் அந்தப் பதிவே. ராமநாதபுரம் மாவட்டம் உப்பூரில் 1,600 மெகாவாட் நிலையத்துக்குத் தரப்பட்ட அனுமதியை 2021 மார்ச்சில் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நிறுத்திவைத்தது. செய்யூரின் கதை வேறு. இறக்குமதி நிலக்கரியில் 4,000 மெகாவாட் என்று திட்டமிட்டு, சுற்றுச்சூழல் அனுமதியும் பெற்றபின், ஏலத்தில் இருந்த தனியார் நிறுவனங்கள் விலகிக்கொண்டன. 2015 தொடக்கத்தில் ஏலமே ரத்தானது. ஊர்க்காரர்களின் எதிர்ப்பு திட்டத்தைத் தாமதப்படுத்தியது; அதற்குள் நிலக்கரி விலையும் கடன் கணக்கும் மாறிவிட்டன. தடுத்தது இயக்கமா சந்தையா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. காலம் கடத்துவதே இயக்கத்தின் ஆயுதம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு விடையும் ஒன்றுதான்.

ஓடும் நிலையங்களின் கதைக்கு எண்ணூரே பாடப்புத்தகம். கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தைச் சுற்றி, 1970இல் தொடங்கிய 450 மெகாவாட் எண்ணூர் நிலையம், 1990களில் வந்த வடசென்னை முதல் நிலையின் 630 மெகாவாட், பின்னர் இரண்டாம் நிலையின் 1,200, வல்லூரின் 1,500 என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டன. 210 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஒருநாள் ஓடினால் மூவாயிரம் டன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியே கப்பலில் வரும் அந்த நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அதாவது அலகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்குக் குறையாத சாம்பலை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். உலர்ந்த சாம்பலை சிமென்ட், செங்கல் ஆலைகள் எடுத்துக்கொள்ளும். எடுத்தது போக மீதியைக் கடல்நீரில் கரைத்துக் கூழாக்கி, குழாய் வழியே செப்பாக்கம் அருகிலுள்ள சாம்பல் குட்டைக்கு அனுப்புவார்கள்.

அந்தக் குழாய்கள் ஆற்றைக் கடந்து போகின்றன. கூழில் உள்ள மணல்போன்ற துகள் குழாயின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். உப்புநீர் இணைப்புகளை அரிக்கும். பழைய குழாய் ஒரு இடத்தில் அடைபட்டால் இன்னொரு இடத்தில் பீய்ச்சும். கசிந்த சாம்பல் வடிந்து ஆற்றடியில் படியும்போது மேலே தண்ணீர் தெளிவாகவே தெரியும். காலை வைத்தால்தான் முழங்கால்வரை புதையும். இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் இந்த மாற்றத்தை எந்த அளவீட்டுக் கருவிக்கும் முன்பே கையால் அறிந்திருந்தார்கள். இதோடு நிலையங்கள் திறந்துவிடும் சூடான குளிர்விப்பு நீர் சேரும். காட்டுக்குப்பத்தில் அதைச் சுடுதண்ணி என்பார்கள்.

இங்கே பிரசாரத்தின் அன்றாட வேலை பெரிய ஊர்வலம் அல்ல, நாட்குறிப்பு. குழாய் எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கசிந்தது, எத்தனை நாள் அடைக்காமல் கிடந்தது என்று செல்பேசிப் படத்தோடு பதிவுசெய்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வட்டார அலுவலகத்தில் மனுக் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைப்பது. முத்திரை இல்லாத மனு எழுதப்படாத மனு. தகவல் உரிமைச் சட்டத்தில் புகைபோக்கிக் கண்காணிப்புக் கருவியின் பதிவுகளைக் கேட்டு வாங்கினால், நிலையத்தின் சொந்த எண்களே அனுமதித்த அளவை மீறியதைக் காட்டும். 2015 டிசம்பரில் மத்திய அரசு கந்தக டைஆக்ஸைடு, நைட்ரஜன் ஆக்ஸைடு, பாதரசம் ஆகியவற்றுக்கு வரம்பு விதித்தது. முதல் கெடு 2017. அது நீண்டுகொண்டே போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக வரம்பின் கட்டாயமே நீக்கப்பட்டது. ஒரு விதி தளர்த்தப்படும்போது அதை நம்பிக் கட்டிய பிரசாரமும் சேர்ந்து சரிகிறது என்பது இதில் கண்ட அனுபவம்.

எண்ணூர்ச் சாம்பல் கசிவு பற்றிய வழக்கில் 2022இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஆற்றைச் சீரமைக்க உத்தரவிட்டது. அதற்கு ஐந்தாண்டு முன்பே, 2017 ஜனவரியில், கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' சாம்பல் குட்டையைத் தென்சென்னையின் சபா ரசிகர்களுக்கும் காட்டியிருந்தது. அதே ஆண்டு மார்ச் 31இல் பழைய எண்ணூர் நிலையம் மூடப்பட்டது. அதை இயக்கத்தின் வெற்றி என்று சொல்பவர்கள் உண்டு. நாற்பது வயதைக் கடந்த, அடிக்கடி பழுதான அலகுகளை இனி ஓட்டுவது கட்டுப்படியாகாது என்று மின்வாரியக் கணக்கே சொல்லியது என்பதுதான் நேர்மையான விடை. அந்த விடையிலிருந்துதான் இரண்டாவது வேலை தொடங்குகிறது.

அதற்கு முன் ஒரு தடை. எந்த ஊரில் பேசினாலும் மூன்றாவது நிமிடத்தில் எழும் கேள்வி: "அப்போ கரண்ட் வேணாமா உங்களுக்கு?" 2012இன் மின்வெட்டை யாரும் மறக்கவில்லை. சென்னைக்கு இரண்டு மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் என்று அந்த ஆண்டு ஓடியது. கோவையின் பட்டறைகளும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் டீசலில் நின்றன. அதே காலத்தில் கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்டமும் நடந்ததால், மின்நிலையத்தை எதிர்ப்பவர் மின்வெட்டைக் கொண்டுவருபவர் என்ற எண்ணம் ஊறிவிட்டது. கார்பன், புவி வெப்பம் என்று பேச்சைத் தொடங்கும் இளைஞர்கள் இந்தக் கேள்வியில் தடுமாறுவார்கள். அனுபவமுள்ளவர்கள் வேறு இடத்திலிருந்து தொடங்குவார்கள்: கரண்ட் பில்லில் இருந்து.

அனல்மின் நிலையத்துக்குத் தரும் விலைக்கு இரண்டு பாகம். எரித்த நிலக்கரிக்கு உண்டானது மாறும் கட்டணம். யூனிட் கணக்கில் வரும். நிலையத்தைக் கட்டிய கடனுக்கு வட்டி, தேய்மானம், முதலீட்டாளரின் லாபம், பராமரிப்பு எல்லாம் சேர்ந்தது நிலைக்கட்டணம். பேச்சில் ஃபிக்ஸட் சார்ஜ். நிலையம் ஆண்டில் 85 விழுக்காடு நேரம் ஓடத் தயாராக இருந்தால் போதும், ஒரு யூனிட்கூட வாங்காவிட்டாலும் இதை முழுதாகக் கட்ட வேண்டும். கல்யாண மண்டபத்தை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பதிவு செய்துவிட்டு, முகூர்த்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை கொடுப்பதைப் போல. முழு அளவில் ஓடும்போது யூனிட்டுக்கு 2 ரூபாயாக விழும் நிலைக்கட்டணம், நிலையம் 55 விழுக்காடு மட்டும் ஓடினால் 3 ரூபாயைத் தாண்டும். மத்திய மின்சார ஆணையம் நாள்தோறும் வெளியிடும் உற்பத்தி அறிக்கையில் சில அலகுகளுக்கு எதிரே 'ரிசர்வ் ஷட்டவுன்' என்று இருக்கும். பழுதில்லை, தேவையில்லை என்பதால் நிறுத்தியது என்று பொருள். அந்த நாள்களைக் கூட்டி, பக்கத்தில் நிலைக்கட்டணத்தை எழுதினால், கூட்டத்தில் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

இந்தக் கணக்கை வைக்கும் இடம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 1999இல் அமைந்தது. 2003 மின்சாரச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி, கட்டண மனு வெளியிடப்பட வேண்டும், பொதுமக்களின் ஆட்சேபணையைக் கேட்ட பிறகே 120 நாளுக்குள் ஆணை பிறக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் விசாரணை நடந்து, செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் வந்தது. அந்த அரங்குகளில் பேசியவர்களில் பெரும்பாலோர் சிறுதொழில் முனைவோரும் விசைத்தறியாளர்களும் வீட்டு நுகர்வோரும். உயர்வே கூடாது என்பதுதான் ஏறக்குறைய எல்லாருடைய வாதமும். உயர்வுக்குக் காரணம் எந்த ஒப்பந்தம், எந்த நிலையம் என்று கேட்டவர்கள் சிலர்தான். எரிசக்தி மாற்றம் பேசும் குழுக்கள் நிரப்ப வேண்டிய இடம் அந்த நாற்காலிகள். கலெக்டர் அலுவலக வாசலில் ஐந்நூறு பேரைத் திரட்டத் தெரிந்த அமைப்புகள், ஆணையத்தின் முன் எழுத்து மூலம் ஐந்து ஆட்சேபணை கொடுக்கச் சோம்பியதுண்டு.

மனுவைப் படிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முன்னுரையை விட்டுவிடலாம். நேராக மின்கொள்முதல் அட்டவணைக்குப் போக வேண்டும். நிலையவாரியாக எத்தனை மில்லியன் யூனிட், நிலைக்கட்டணம் எத்தனை கோடி, மாறும் கட்டணம் எத்தனை பைசா என்று அது காட்டும். அதை மாறும் கட்டண வரிசையில், குறைவிலிருந்து கூடுதலாக, அடுக்கிப் பார்க்க வேண்டும். லோடு டெஸ்பாட்ச் மையமும் அந்த வரிசைப்படிதான் நிலையங்களை ஓடச் சொல்கிறது. பட்டியலின் அடியில் நிற்கும் அலகுகள் எவை, அவற்றின் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, கடன் தீர்ந்துவிட்டதா என்பவைதான் ஆட்சேபணையின் உள்ளடக்கம். மத்திய நிலையங்களின் விலையை முடிவுசெய்வது தில்லியிலுள்ள மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அங்கே இங்குள்ள இயக்கங்கள் போவது அரிது. மாநில ஆணையத்தின் முன் பேசக் கிடைக்கும் சில நிமிடத்தில் ஒரு நிலையம், ஒரு எண், ஒரு கோரிக்கை. அதற்கு மேல் போனால் மணி அடிக்கும்.

கணக்கின் மறுபக்கம் காற்று. 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைகள் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, பல்லடம் என்று பரவி, இன்று 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியே வரும் ஆடிக் காற்றில் ஒரே நேரத்தில் 5,000 மெகாவாட்டுக்கு மேல் கொட்டும். அந்தப் பருவத்தில் நள்ளிரவில் துணைமின் நிலையத்துக்குத் தொலைபேசி வரும்: இத்தனை மெகாவாட் குறையுங்கள். காற்றாலைக்காரர்கள் இதை பேக் டவுன் என்பார்கள். இறக்கைகள் காற்றைப் பிடிக்காதபடி திருப்பப்பட்டு நிற்கும், காற்று வீசிக்கொண்டிருக்கும். நிலக்கரி அலகை ஒரு வரம்புக்குக் கீழே இறக்க முடியாது, அணைத்தால் மறுபடி ஏற்ற மணிக்கணக்காகும் என்பது டெஸ்பாட்ச் பொறியாளரின் பதில். அதில் உண்மை உண்டு. ஆனால் காற்றும் சூரியனும் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்பது விதி. கட்டமைப்பின் பாதுகாப்புக்காக மட்டுமே குறைக்கலாம். 2017இல் தமிழ்நாட்டில் சூரிய மின்சாரத்தைக் குறைத்தது பாதுகாப்புக்காக அல்ல என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்ட் 2 அன்று தீர்ப்பளித்து, ஒப்பந்த விலையில் 75 விழுக்காட்டை இழப்பீடாகத் தரச் சொன்னது. வழக்குப் போட்டது உற்பத்தியாளர் சங்கம். மக்கள் இயக்கம் அல்ல. இருந்தும் அந்தத் தீர்ப்பு, நிலக்கரிக்கு இடம்விடச் சூரியனைத் தள்ளிவைக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்குச் சட்டத்தின் வலுவைத் தந்தது.

பொறியாளர்களின் எதிர்வாதத்தில் தட்டிக்கழிக்க முடியாதது மாலை நேரம். மாநிலத்தின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் சூரியன் இறங்கிய பின்னும் ஏசிகள் ஓடும்; காற்று சீசன் இன்னும் தொடங்கியிருக்காது. அந்த இடைவெளியை நிரப்பச் சேமிப்பு வேண்டும். பகலில் தண்ணீரை மேலேற்றி மாலையில் இறக்கும் நிலையம் காடம்பாறையில் 1987 முதல் இருக்கிறது, 400 மெகாவாட். நீலகிரியில் குந்தா 500 மெகாவாட் கட்டுமானத்தில் இருக்கிறது. ஆனால் அதே நீலகிரியில் சில்லஹள்ளா திட்டத்தை உள்ளூர் விவசாயிகள் எதிர்க்கிறார்கள். தென்மாவட்டங்களில் ஓடைப் புறம்போக்கை மறித்து நிற்கும் காற்றாலைகள் மீது மேய்ச்சல்காரர்களுக்கு மனத்தாங்கல் உண்டு. புகளூர்த் தடத்தின் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துக் கொங்கு விவசாயிகள் வயலில் உட்கார்ந்தார்கள். பசுமை என்ற சொல்லை வைத்து இந்தக் குறைகளை மூடப் பார்க்கும் குழு, அடுத்த முறை அந்த ஊருக்குள் போக முடியாது.

விவசாயிகளை விட்டுவிட்டு இந்த மாநிலத்தில் மின்சாரம் பேச முடியாது. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூனில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் வளர்ந்த அந்தக் கோபத்தின் முடிவில்தான் 1990இல் இலவச மின்சாரம் வந்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. மின்வாரிய நட்டத்துக்கு இலவசமே காரணம் என்று நகரத்து மேடையில் ஒரு வாக்கியம் சொன்னாலும், அது பேசியவருக்கு முன்பே கிராமம் போய்ச் சேரும். பதிலாகச் சொல்ல வேண்டியது நேரத்தைப் பற்றி: மோட்டாருக்கு நள்ளிரவில் மும்முனை மின்சாரம் கொடுத்து, பாம்புக்குப் பயந்து தண்ணீர் பாய்ச்ச வைப்பதற்குப் பதில், சூரியன் இருக்கும் பகலில் கொடுங்கள் என்று கேட்பது. அது விவசாயியின் பழைய கோரிக்கை. சூரிய மின்சாரத்துக்குப் பகல்நேரச் சந்தையும் அதுவே. இரு தரப்பும் ஒரே மனுவில் கையெழுத்திடக் கூடிய அரிய இடம். 2023 ஏப்ரலில் காவிரி டெல்டாவின் நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலிலிருந்து சில நாள்களில் நீக்கப்பட்டதும் விவசாயிகளும் எல்லாக் கட்சிகளும் ஒரு பக்கம் நின்றதால்தான்.

இன்னொரு தரப்பு, நிலையத்துக்குள் வேலை செய்பவர்கள். நிரந்தரப் பணியாளருக்கு அலகு மூடினால் இடமாற்றம் உண்டு. கரி தள்ளுபவர், சாம்பல் வாருபவர், குழாய் ஒட்டுபவர் என்று இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு அதுவும் இல்லை. அவர்களில் பலர் நிலம் கொடுத்த குடும்பத்தார். தகப்பன் கசிவை எதிர்த்து மனுக் கொடுப்பார், மகன் அந்தக் குழாயை ஒட்டப் போவான். ஒரே வீட்டில் இரண்டும் நடக்கும். மூடு என்ற கோஷத்தோடு இவர்களுக்கு என்ன என்ற விடையும் போகாத இடத்தில், சாம்பல் லாரி உரிமையாளர்கள் அந்த விடையைக் கொண்டுவருவார்கள்: மூடாதே.

இத்தனைக்கும் நடுவில் புதிய நிலையங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வடசென்னை மூன்றாம் நிலையின் 800 மெகாவாட் 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. உடன்குடியில் இரண்டு 660 மெகாவாட் அலகுகள் எழுந்து நிற்கின்றன. சாம்பலுக்கு இவை முந்தையவற்றைவிடச் சற்றுக் குறைவாகப் பொறுப்பாகலாம், கடனுக்கு அப்படியல்ல. 2022 ஆணையின் பல்லாண்டுக் கட்டணக் காலம் 2026–27இல் முடிகிறது. அதற்கடுத்த மனுவில் இந்த இரண்டு இடங்களின் நிலைக்கட்டணமும் முழு அளவில் நுகர்வோர் கணக்கில் ஏறும். மூத்த 210 மெகாவாட் அலகுகள் எவை எப்போது ஓய்வுபெறும் என்பதும் அதே அட்டவணையில்தான் தெரியும். மனு வெளியான நாளிலிருந்து ஆட்சேபணை எழுதக் கிடைப்பது சில வாரங்கள் மட்டுமே.